கர்ப்பப்பையை எடுப்பதற்கும் சிறுநீர்க் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய தாயார் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். கர்ப்பப்பையில் பெரிய நார்க்கட்டி இருப்பதால், சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்துவிட நாள் குறித்திருக்கிறார்கள். கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில், “அறுவையின்போது சிறுநீர்க் குழாய்க்குக் காயம் ஏற்படக்கூடும்” என்று ஒரு வரி இருந்திருக்கிறது. ஸ்கேன் அறிக்கையில் வலது சிறுநீரகம் லேசாக வீங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். “கர்ப்பப்பை எங்கே, சிறுநீரகம் எங்கே? ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்று ஏன் கெட வேண்டும்? போன கோடையில் அப்பாவுக்குக் கல் வந்தபோது வலி விலாவுக்குக் கீழே தொடங்கி விதைப்பை வரை இறங்கியது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?” என்பது அவருடைய கேள்வி.

தொடர்பு உண்டு. அம்மாவின் ஸ்கேனில் தெரிந்த வீக்கம், படிவத்தில் இருந்த எச்சரிக்கை, அப்பாவின் வலி ஆகிய மூன்றுக்குமே காரணம் ஒரே குழாய்தான். அந்தக் குழாய் ரத்தக் குழாய்களைக் கடந்து செல்லும் இடங்கள்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சேலத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் விடை சொல்ல விரும்புகிறேன். பயப்படும் குடும்பத்துக்கு “ஒன்றும் ஆகாது” என்ற வெறும் ஆறுதலைவிட, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிவதே பெரிய தைரியத்தைத் தரும் என்பது என் அனுபவம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேச்சில் நாம் “யூரின் டியூப்” என்று சொல்வது இரண்டு வெவ்வேறு குழாய்களைக் குறிக்கிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் ஒன்று. அதை மருத்துவர்கள் யூரீட்டர் என்பார்கள், பாடநூல்களில் சிறுநீர்நாளம். அது வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இரண்டு. சிறுநீர்ப்பையிலிருந்து உடலுக்கு வெளியே திறக்கும் குழாய் மற்றொன்று. அது யூரித்ரா, தமிழில் சிறுநீர்ப் புறவழி. ஒப்புதல் படிவம் பேசுவது முதலாவதைப் பற்றி. அறுவைக்குப் பின் “டியூப் போட்டிருக்கிறோம்” என்று செவிலியர் சொல்வது இரண்டாவதன் வழியாகச் செலுத்தப்பட்ட வடிகுழாயைப் பற்றி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, வடிகுழாய் போட்டதையே காயம் ஏற்பட்டதற்கு அடையாளமாக எண்ணி அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பை அறுவைக்கு வடிகுழாய் போடுவது வழக்கமான ஏற்பாடு. அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

இனி மேலிருந்து தொடங்கலாம். சிறுநீரகங்கள் வயிற்றுக்குள் குடலோடு கிடப்பவை அல்ல. குடலைச் சுற்றியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறைக்குப் பின்னால், முதுகுத் தசைகளின் மேல், கொழுப்பு மெத்தையில் பொதிந்திருக்கின்றன. மேல் பாதி கடைசி விலா எலும்புகளின் காவலில் இருக்கும். வலது பக்கத்தில் கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் இடதைவிட ஓரிரு செ.மீ. தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 செ.மீ. நீளம், 150 கிராம் அளவு எடை. இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு, ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் போய்ச் சேருகிறது. நாள் முழுவதும் வடிகட்டப்படும் நீர் ஏறக்குறைய 180 லிட்டர். அதில் 178 லிட்டரைத் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகிறது சிறுநீரகம். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிப்பான்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றையும் கிண்ணம்போல் சூழ்ந்திருக்கும் உறையை 1842இல் விவரித்தவர் வில்லியம் பௌமன்.

சிறுநீரை உண்டாக்குவது சிறுநீரகம்தான் என்பது நமக்கு இன்று சாதாரணச் செய்தி. இரண்டாம் நூற்றாண்டில் அது விவாதத்துக்குரியதாக இருந்தது. ரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர், உயிருள்ள விலங்கின் இரண்டு சிறுநீர்நாளங்களையும் நூலால் கட்டிக் காட்டினார். சிறுநீர்ப்பை வெறுமையாகவே கிடந்தது. கட்டுக்கு மேலே நாளங்கள் புடைத்துக்கொண்டன. கட்டை அவிழ்த்ததும் சிறுநீர் இறங்கியது. உங்கள் அம்மாவின் ஸ்கேனில் தெரியும் வீக்கத்தின் அடிப்படை அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. குழாயின் கீழ்ப்பகுதி எங்காவது நெருக்கப்பட்டால் மேலே சிறுநீரகம் வீங்கும். சிறுநீரகத்தில் நோய் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சிறுநீர்நாளம் 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள தசைக் குழாய். உள்விட்டம் 3 அல்லது 4 மி.மீ., அதாவது ஒரு மெல்லிய ஸ்டிரா அளவு. மேலிருந்து கீழே சாய்வில் தண்ணீர் வடிவதுபோல் சிறுநீர் அதில் வடிவதில்லை. மண்புழு நெளிவதைப்போல், மேலே தொடங்கும் ஒரு சுருக்கம் கீழ்நோக்கி அலையாக நகர்ந்து, ஒவ்வொரு மடக்காகச் சிறுநீரைச் சிறுநீர்ப்பைக்குள் பீய்ச்சுகிறது. நிமிடத்துக்கு ஒன்று முதல் ஐந்து அலைகள். படுத்திருந்தாலும் தலைகீழாகத் தொங்கினாலும் சிறுநீர்ப்பை நிறைவதற்கு இதுவே காரணம். அறுவை மேசையில் இந்த நெளிவுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ரத்தம் படிந்த திசுக்களுக்கு நடுவே வெளிறிய நாடாக்கள் பல தெரியும். அவற்றில் எது ரத்தக் குழாய், எது சிறுநீர்நாளம் என்ற ஐயம் வந்தால், மருத்துவர் இடுக்கியால் மென்மையாகத் தட்டிப் பார்ப்பார். தமனி துடிக்கும், சிறுநீர்நாளம் நெளியும்.

இந்தக் குழாயின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் அம்மாவின் கதையும் அப்பாவின் கதையும் ஒரே வழியில் வந்து சேரும். சிறுநீரகத்தின் புனல் போன்ற பகுதி குறுகிக் குழாயாகும் இடம்தான் முதல் நெருக்கடி. அங்கிருந்து அது இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டில் உள்ள சோவாஸ் என்ற உருண்ட தசையின் மேல் இறங்குகிறது. வழியில் விதைக்கோ சூலகத்துக்கோ செல்லும் ரத்தக் குழாய்கள் அதன் முன்புறமாகக் குறுக்கே கடக்கின்றன. பிறகு இடுப்புக்குழியின் விளிம்பு வருகிறது. அங்கே கால்களுக்கும் இடுப்புக்கும் ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியின் மேல் ஏறி மடங்கி உள்ளே இறங்க வேண்டும். அது இரண்டாவது நெருக்கடி. கடைசியில் சிறுநீர்ப்பையின் தடித்த சுவரைச் சாய்வாகத் துளைத்து நுழையும் இடம் மூன்றாவது. மூன்றிலும் மிகக் குறுகியது அதுவே. சிறுநீரகக் கல் பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில் ஒன்றில்தான் தட்டி நிற்கும்.

அப்பாவின் வலி ஏன் இறங்கியது என்பது இப்போது விளங்கும். குழாய்ச் சுவர் நீளும்போதும் இறுக்கிச் சுருங்கும்போதும் எழும் வலியுணர்வு, முதுகுத் தண்டில் மார்புப் பகுதியின் கடைசி இரண்டு நரம்புப் படிகளையும் இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு படிகளையும் போய்ச் சேர்கிறது. அதே படிகளுக்குத்தான் விலாவுக்குக் கீழுள்ள தோல், தொடை இடுக்கு, விதைப்பை, தொடையின் உள்பக்க மேற்பகுதி ஆகியவற்றின் உணர்வும் வருகிறது. எங்கிருந்து வந்த செய்தி என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. கல் மேலே இருக்கையில் வலி விலாப்பக்கம். இறங்க இறங்க வலியும் தொடை இடுக்கை நோக்கி நகரும். சிறுநீர்ப்பையின் வாசலுக்கு வந்துவிட்டால் அடிக்கடி சிறுநீர் முட்டுவதுபோல் இருக்கும், போனால் சில சொட்டுகள்தான் வரும். விதையில் வலி என்று அங்கேயே நோயைத் தேடுவது வீண். 4 மி.மீ.க்கும் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். வலியோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது; அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்பதன் அறிகுறி அது.

சேலத்தின் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. தறிக்குழியிலும் கொலுசுப் பட்டறையிலும் நாள் முழுவதும் வியர்த்து உழைப்பவர்களின் உடல், நீரைச் சேமிப்பதற்காகச் சிறுநீரைக் கெட்டியாக்குகிறது. கெட்டியான சிறுநீரில் உப்புகள் படிகமாவது எளிது. மலைமேல் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு விதமானது. குளிரில் தாகம் தெரிவதில்லை. தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லாத பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது எனக்குத் தீராத வருத்தம். பெண்களின் சிறுநீர்ப் புறவழி 4 செ.மீ. மட்டுமே என்பதால் (ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ.), வெளியிலிருந்து கிருமி ஏறுவதற்கு அவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அவர்களே தண்ணீர் குடிக்காமலும் அடக்கியும் இருக்க நேர்கிறது.

இப்போது ரத்தக் குழாய்களுக்கு வருவோம். இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி, ஏறக்குறையத் தொப்புளின் மட்டத்தில், நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் சில செ.மீ. தூரம் சென்றதும் மறுபடி இரண்டாகும். வெளிக்கிளை தொடைக்குப் போய்விடும். உட்கிளையை உள் இலியாக் தமனி என்பார்கள்; 4 செ.மீ. நீளமே உள்ள அந்தக் குட்டைத் தமனிதான் இடுப்புக்குழியில் உள்ள உறுப்புகளில் பெரும்பாலானவற்றையும், புட்டத்துத் தசைகளையும், பிறப்புறுப்பையும் ஊட்டி வளர்க்கிறது. சிறுநீர்நாளம் இடுப்புக்குழிக்குள் நுழைவது சரியாக இந்தப் பிரிவு நடக்கும் இடத்தின் மேலாகத்தான். அதனால், சிறுநீர்நாளத்தைத் தேடும் அறுவை மருத்துவர் அந்தத் தமனிப் பிரிவை முதலில் விரலால் தடவிக் கண்டுகொள்வார். துடிப்பின் மேலே குறுக்கே கிடப்பது அதுதான்.

உங்கள் அம்மாவின் வலது சிறுநீரகம் வீங்கியதும் இந்த விளிம்பில் நடந்த நெருக்கத்தால்தான் இருக்க வேண்டும். நார்க்கட்டி வளர்ந்து கர்ப்பப்பை இடுப்புக்குழியை விட்டு மேலேறும்போது, குழாய் தமனியின் மேல் மடங்கும் அந்த இடத்தில் அதன் பாரம் விழுகிறது. அடியில் தமனி, மேலே கட்டி. நடுவில் மாட்டிக்கொள்வது ஒரு மெல்லிய ஸ்டிரா. வலப்புறம் மட்டும் ஏன் என்றால், இடப்புறத்தில் பெருங்குடலின் கடைசி வளைவு மெத்தைபோல் இடையில் கிடந்து பாரத்தைத் தாங்குகிறது. வலப்புறத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் இதே காரணத்தால் வலது சிறுநீரகம் சற்று வீங்குவது சாதாரணம். பிரசவமான சில வாரங்களில் அது சரியாகிவிடும். கட்டியால் வந்த வீக்கமும், நீண்ட நாள் நெருக்கத்தால் சிறுநீரகம் கெட்டுவிடாதிருந்தால், கட்டி போனதும் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆகவே இந்த அறுவையை உங்கள் அம்மாவின் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்தச் சிறுநீரகத்துக்கு அதுவே நிவாரணமும் ஆகும்.

படிவத்தில் இருந்த வரிக்கு இப்போது விடை சொல்லலாம். உள் இலியாக் தமனியின் முன்பிரிவிலிருந்து புறப்படும் கிளைகளில் ஒன்று கருப்பைத் தமனி. அது இடுப்புச் சுவரிலிருந்து உள்நோக்கி, கர்ப்பப்பையின் கழுத்தை நோக்கிக் குறுக்கே ஓடுகிறது. சிறுநீர்நாளமோ இடுப்புச் சுவரை ஒட்டிப் பின்புறமாக இறங்கி, உட்காரும் எலும்பின் முள்போன்ற முனைக்கு அருகில் திரும்பி, சிறுநீர்ப்பையை நோக்கி முன்னே வருகிறது. ஒன்று பக்கவாட்டிலிருந்து நடுவுக்கு, மற்றொன்று பின்னிருந்து முன்னுக்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தமனி மேலே, சிறுநீர்நாளம் கீழே. அந்த இடம் கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து 2 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில், ஒரு விரல் அகலத்தில் இருக்கிறது. “பாலத்துக்கு அடியில் தண்ணீர்” என்று மாணவர்கள் உலகெங்கும் மனப்பாடம் செய்வது இதைத்தான். ஏற்காடு மலைப்பாதையில் ஏறி இறங்கியவர்களுக்கு இந்தப் படம் எளிதில் மனதில் பதியும்: மேலே வண்டிச் சாலை, அடியில் சிறுபாலத்தின் வழியே மழைநீர் ஓடை. சாலையில் நின்று பார்ப்பவருக்கு ஓடை தெரியாது.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமானால் கருப்பைத் தமனியைப் பிடித்துக் கட்டி வெட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தப்போக்கு நிற்காது. கிடுக்கியைக் கர்ப்பப்பையை ஒட்டிப் போட்டால் சிறுநீர்நாளம் தப்பும். ஒரு விரல் அகலம் விலகிவிட்டால் தமனியோடு அதுவும் கிடுக்கிக்குள் வந்துவிடும். வழக்கமான உடலமைப்பில் இந்த இடைவெளி பயிற்சி பெற்ற கைகளுக்குப் போதுமானது. நார்க்கட்டி பெரிதாகிக் கழுத்துப் பக்கமாக வளர்ந்திருந்தாலோ, முந்தைய சிசேரியன்களால் திசுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருந்தாலோ குழாய் தன் இடத்தைவிட்டு இழுபட்டிருக்கும். திடீரென்று ரத்தம் பீறிட்டு, எதையும் பார்க்க முடியாத நிலையில் அவசரமாகப் போடும் கிடுக்கிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இந்த ஒரு சந்திப்பு மட்டுமல்ல. சூலகத்தையும் சேர்த்து எடுப்பதானால், இடுப்பு விளிம்பில் சூலக ரத்தக் குழாய்களைக் கட்டும் இடத்திலும் சிறுநீர்நாளம் மிக அருகிலேயே இருக்கிறது. யோனியின் மேல் மூலையைத் தைக்கும் இடம், குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தை ஒட்டியது. அங்கும் கவனம் வேண்டும்.

இயற்கை ஏன் இப்படி ஒரு சிக்கலான குறுக்குவழியை வைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றும். விடை கருவின் வளர்ச்சியில் இருக்கிறது. சிறுநீரகம் இப்போது இருக்கும் இடத்தில் பிறப்பதில்லை. ஐந்தாவது வாரத்தில் அது இடுப்புக்குழியின் அடியில் முளைக்கிறது. உடல் நீள நீள மேலேறி, ஒன்பதாவது வாரத்தையொட்டி விலாவுக்குக் கீழே தன் இடத்தை அடைகிறது. ஏறும்போது ஒவ்வொரு மட்டத்திலும் அருகிலுள்ள தமனியிலிருந்து ரத்தம் வாங்கிக்கொண்டு, மேலே புதிய தமனி கிடைத்ததும் கீழே உள்ளதை விட்டுவிடுகிறது. விட வேண்டியது விடாமல் தங்கிவிட்டால் ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு, மூன்று தமனிகள் இருக்கும். நான்கு பேரில் ஒருவருக்காவது இப்படி இருப்பதை உடற்கூறு மேசையில் காணலாம், அது நோய் அல்ல. ஏறவே இல்லையென்றால் சிறுநீரகம் இடுப்புக்குழியிலேயே தங்கிவிடும். இரண்டும் கீழ்முனையில் ஒட்டிக்கொண்டால், குதிரை லாட வடிவில், குடலுக்குப் போகும் ஒரு தமனியில் மாட்டி நடுவழியில் நின்றுவிடும். இந்தப் பயணத்தின் தடமாக நீண்டு கிடப்பதே சிறுநீர்நாளம். சூலகமும் விதையும் எதிர்த்திசையில், மேலிருந்து கீழே இறங்கியவை. அதனால்தான் அவற்றின் தமனிகள் சிறுநீரகத்துக்கு அருகிலேயே பெருந்தமனியிலிருந்து கிளம்பி அவ்வளவு தூரம் இறங்கிவருகின்றன. ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று கடக்காமல் இருக்க முடியுமா?

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தபோது, புதிய சிறுநீரகத்தை விலாவுக்குக் கீழே வைக்கவில்லை; இடுப்பெலும்பின் குழிவில் வைத்து, இலியாக் ரத்தக் குழாய்களோடு இணைத்தார். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். ரத்தக் குழாய்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், சிறுநீர்ப்பை அருகில் இருப்பதும் காரணம். பிறந்த ஊருக்குத் திரும்பியதுபோல, சிறுநீரகம் தான் முளைத்த இடத்துக்கு அருகில் வந்து இரண்டாம் வாழ்வைத் தொடங்குகிறது.

சிறுநீர்நாளத்தின் காயம் என்றால் வெட்டுப்படுவது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு பெரிய தமனி கிடையாது. மேல்பகுதிக்குச் சிறுநீரகத் தமனியும் பெருந்தமனியும் நடுப்பக்கத்திலிருந்து சிறு கிளைகளைத் தருகின்றன. இடுப்புக்குழிக்குள் வந்ததும் உள் இலியாக் தமனியும் அதன் கிளைகளும் வெளிப்பக்கத்திலிருந்து தருகின்றன. மேலே கடக்கும் கருப்பைத் தமனியும் போகிற போக்கில் ஒரு கிளையைக் கொடுத்துவிட்டே போகிறது. இந்தச் சிறு கிளைகள் எல்லாம் குழாயின் வெளியுறையில் கொடிபோல் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. ஆகவே குழாயைக் காப்பாற்றுகிறேன் என்று அதைச் சுற்றிலும் உரித்து வெறுமையாக்கினால், வெட்டுப்படாமலேயே ரத்தமின்றிச் சில நாட்களில் அதன் சுவர் அழுகி ஓட்டையாகிவிடும். கர்ப்பப்பைப் புற்றுநோய்க்காக 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் செய்யத் தொடங்கிய விரிவான அறுவையில், சிறுநீர்நாளத்தைத் தமனிக்கு அடியில் உள்ள சுரங்கம் போன்ற பாதையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதனால் குழாயில் பொத்தல் விழுவது அந்த அறுவையின் பெரிய துயரமாக நெடுங்காலம் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு நடக்கவிருப்பது அவ்வளவு விரிவான அறுவை அல்ல. நார்க்கட்டிக்காகச் செய்யும் அறுவையில் இந்தக் காயம் அரிது. அரிது என்பதற்காகப் படிவத்தில் சொல்லாமல் விடுவது முறையல்ல என்பதால்தான் அந்த வரி இருக்கிறது.

ரத்தப்போக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடுப்புக்குழியின் தமனிகள் ஒன்றோடொன்று வலைபோல் கைகோத்தவை. கருப்பைத் தமனி மேலே சென்று சூலகத் தமனியோடு இணைகிறது. இடுப்பு முதுகுத் தமனிகளும் குடல் தமனிகளும் உள் இலியாக் கிளைகளோடு இணைகின்றன. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காத தாய்மார்களுக்கு உள் இலியாக் தமனிகள் இரண்டையும் கட்டிவிட்டாலும் உறுப்புகள் பட்டுப்போகாமல் பிழைத்திருப்பதும், கர்ப்பப்பை தப்பிய பெண்கள் மறுபடி கருவுற்றுப் பெற்றெடுப்பதும் இந்த வலையின் பயன். அந்த வலையே, ஓரிடத்தில் கட்டினால் மட்டும் ரத்தம் முற்றிலும் நிற்காது என்பதற்கும் காரணம். கருவுக்கும் நச்சுக்கொடிக்கும் இடையே ரத்தம் பாய வேண்டியிருந்த கருக்காலத்தில், உள் இலியாக் தமனியின் பெரிய கிளையே தொப்புள் தமனியாக இருந்தது. பிறந்து கொடி அறுக்கப்பட்டதும் அதன் முன்பகுதி நாராகச் சுருங்கிவிட, அடிப்பகுதி மட்டும் உயிரோடு இருந்து சிறுநீர்ப்பையின் மேற்பகுதிக்கு வாழ்நாள் முழுவதும் ரத்தம் கொடுக்கிறது. ஒவ்வொரு முறை அந்தச் சிறு தமனியை மாணவர்களுக்குக் காட்டும்போதும் எனக்குள் ஒரு நெகிழ்ச்சி வரும்.

நடைமுறைக்கு வருவோம். அறுவைக்கு முன் மருத்துவரிடம், வலது சிறுநீரகத்தின் வீக்கத்தைப் பார்த்தீர்களா, குழாய் எங்கே நெருக்கப்படுகிறது என்று தெரிகிறதா, அறுவைக்கு முன் சிறுநீர்நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய உள்குழாயை வைப்பது தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்டென்ட் எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. கட்டி குழாயை இடம் மாற்றியிருந்தால் சில மருத்துவர்கள் வைப்பார்கள். அறுவை முடியும் தறுவாயில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா செலுத்தி, இரண்டு வாய்களிலிருந்தும் சிறுநீர் பீய்ச்சிவருகிறதா என்று பார்ப்பதும் உண்டு. இவற்றைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. விவரம் தெரிந்த குடும்பத்தோடு பேசுவது நல்ல மருத்துவருக்கு எளிது.

காயம் பட்டது பல நேரங்களில் மேசையிலேயே தெரிவதில்லை. அதனால் வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவை உண்டு. ஒரு பக்க விலாவுக்குக் கீழே தொடர்ந்த வலி, காய்ச்சல், வயிறு உப்புதல், வாந்தி இவற்றில் எது வந்தாலும் சொல்லுங்கள். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள், சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்போதே, யோனி வழியாகத் தண்ணீர்போல் ஓயாமல் கசிந்து துணி நனைந்தால், அதை வெள்ளைப்படுதல் என்று நினைத்து மறைக்கக் கூடாது. வெட்கத்தால் மாதக்கணக்கில் சொல்லாமல் இருந்தவர்கள் உண்டு. விரைவில் கண்டால் ஸ்டென்ட் வைத்தோ, குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்தியோ சரிசெய்துவிட முடியும், சிறுநீரகமும் பிழைத்துக்கொள்ளும். அடைபட்டு மாதக்கணக்கில் கிடந்தால் அந்தச் சிறுநீரகம் சத்தமில்லாமல் செத்துவிடும். மலைமேல் இருக்கும் உங்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் சேலம் வர வேண்டும் என்பதால், இரவில் பார்க்கலாம், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் பகலிலேயே முடிவெடுங்கள். முடிந்தால் முதல் வாரம் சேலத்திலேயே உறவினர் வீட்டில் அம்மாவைத் தங்க வைப்பது நல்லது.

கடைசியாக, சிரைகளைப் பற்றி. அறுவை முடிந்த மறுநாளே அம்மாவை எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலிக்கிறதே என்று தடுக்காதீர்கள். இரண்டு கால்களிலிருந்தும் வரும் பெரிய சிரைகள் பெருந்தமனிக்கு வலப்புறத்தில் ஒன்றுசேர்ந்துதான் கீழ்ப்பெருஞ்சிரையாக மேலே போகின்றன. இடது காலின் சிரை வலப்புறம் போய்ச் சேர வேண்டுமானால், வலது காலுக்கு இறங்கும் தமனியின் அடியில் நுழைந்தே ஆக வேண்டும். தமனி அதை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. படுத்தே கிடந்தால் அந்த இடத்துக்குக் கீழே ரத்தம் தேங்கி உறைய வாய்ப்பு உண்டு. காலில் ரத்தக்கட்டி இடப்புறமே அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். இடது கால் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் கனத்து வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிட வேண்டாம். நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.